படகை, படகுக்காக

எங்கள் ஊருக்கு முழுதாகத் தெரிந்த ஆங்கிலச் சொல் ஒன்றுதான். எக்ஸ்பெக்ட். ஏலக்கூடத்தில் மீன் பெட்டி தூக்குகிறவனுக்கு அது தெரியும். பேக்கரிக்காரிக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இதலினாவின் ஜன்னலுக்குக் கீழே நின்று அதை ஒருமுறை கத்திவிட்டு ஓடுவார்கள். அவர்களுக்கு அர்த்தம் தெரியாது. அது ஒரு வசவு என்பது மட்டும் தெரியும்.

அந்தச் சொல்லை ஊருக்குக் கொண்டுவந்தவன் இதலினாவின் புருஷன் செஃபெரினோ. ‘சாந்தா இரியா’ படகில் கேப்டன் பல்தசாருக்கு அடுத்த ஆள் அவன். வயர்லெஸ் சர்டிஃபிகேட் அவனிடம்தான் இருந்தது. அயர்லாந்துக்குத் தெற்கே, எங்கள் ஆட்கள் காலங்காலமாக வலை இழுக்கப் போகும் கடலில், ஒரு பிப்ரவரி மாதம் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் ஏறியது. செஃபெரினோ மைக்கை எடுத்துக் கரையைக் கூப்பிட்டான். தண்ணீர் ஏறுகிறது என்று சொன்னான். என்ன செய்வதாக உத்தேசம் என்று கரை கேட்டது. அவன் சொன்னான்: “வி எக்ஸ்பெக்ட் போட்.”

கரையில் இருந்தவன் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டான். படகு ஒன்றை எதிர்பார்க்கிறீர்களா? ஆமாம், ஆமாம், வி எக்ஸ்பெக்ட் போட். சரி, படகு வந்து சேர்ந்ததும் எங்களைக் கூப்பிடுங்கள். தேங்க்யூ, என்றான் செஃபெரினோ.

வேறு ஏதோ படகு கிளம்பி வந்துகொண்டிருக்கிறது என்று கரை எண்ணிக்கொண்டது. கரை படகு அனுப்புகிறது என்று செஃபெரினோ எண்ணிக்கொண்டான். எந்தப் படகும் வரவில்லை. சமையல்காரன் அமில்கார் மட்டும் ரப்பர் தெப்பத்தில் கிடந்து பிழைத்தான். ஆறு பேர் போனார்கள். ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை.

விசாரணை முடிந்து அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு ஊருக்கு வந்தது. எல்லாரும் கேட்டார்கள். செஃபெரினோவின் குரல் அமைதியாக இருந்தது. ஊர் மன்னிக்காதது அதைத்தான். காப்பாற்ற வந்தவனிடம் ‘வேண்டாம், எங்களுக்கு ஆள் இருக்கிறது’ என்று சொல்லி, நன்றியும் சொல்லி அனுப்பிவிட்டான் என்று பேச்சு எழுந்தது. அது அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் போர்த்துகீசிய பாஷையில் எஸ்பெரார் என்று ஒரே வினை. பஸ்ஸுக்கு நிற்பதும் அதுதான். மழை வரும் என்று நினைப்பதும் அதுதான். போன காதலி திரும்பி வரமாட்டாளா என்று ஏங்குவதும் அதுதான். இந்த மூன்றையும் மூன்று சொல்லாக வெட்டி வைத்திருக்கிறவர்களிடம் போய் ஒன்றை மட்டும் நீட்டினால் என்ன ஆகும் என்று இங்கே யாரும் யோசித்ததில்லை. யோசிக்கவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

நான் போர்த்தோவில் இரண்டு வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டு நின்றுவிட்டேன். துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் இரவு வேலை. பட்டம் வாங்கியவனை டாக்டர் என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். வாங்காத என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நவம்பரில் ஒரு காலை, வேலை முடிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது துர்வால் உள்ளே வந்தான். ஐஸ் பார் அறுக்கும் மெஷினில் நிற்பவன்.

“டாக்டரே, வாசல்ல உங்களுக்கு ஒரு பேஷண்ட்.”

எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டும் கறுப்புத் துணியுமாக இதலினா நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். மத்தி டின் கம்பெனியில் வேலை. இப்போது அங்கேயும் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

துர்வால் அவள் காதில் விழட்டும் என்றே பேசினான். “புள்ளத்தாச்சிய இங்கிலீஷ்ல எக்ஸ்பெக்டிங்னு சொல்வாங்களாமே, நெசமா? அப்போ இந்தம்மா ரெண்டு வருஷமா எக்ஸ்பெக்டிங்தான்.”

“துர்வாலு,” என்றாள் இதலினா வாசலிலிருந்து. “உங்கம்மா உன்னை எக்ஸ்பெக்ட் பண்ணிருக்க மாட்டா. பாத்துட்டுப் பயந்திருப்பா.”

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். துர்வாலும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“நெலியோ, சாயங்காலம் வீட்டுக்கு வா. ஒரு பாடம் எடுக்கணும்.”

“யாருக்குக்கா?”

“வா, சொல்றேன்.”

சாயங்காலம் போனபோது மூடுபனி தெருவுக்குள் வந்துவிட்டது. அவள் வீட்டில் சமையலறைதான் பெரிய அறை. அடுப்பில் கோஸ் கீரை சூப் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் ஒரு சோள ரொட்டி. ஃபிரிட்ஜின் மேலே வயர்லெஸ் பெட்டி. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கடலில் ஆள் இருக்கும் எல்லா வீட்டிலும் அது உண்டு. மற்றவர்கள் இரைச்சல் கேட்காதபடி திருகி வைத்திருப்பார்கள். பேச்சு வந்தால்தான் சத்தம் வரும். இதலினா அதை முழுக்கத் திறந்து வைத்திருந்தாள். தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஓயாத இரைச்சல்.

“கொஞ்சம் குறைக்கலாமா?”

“வேணாம். பழகிடும், உக்காரு.”

உட்கார்ந்தேன். சூப்பை ஊற்றி வைத்தாள். மேசையில் இன்னொரு தட்டும் இருந்தது. அதில் அவள் ஊற்றவில்லை.

“அலைத்தடுப்புச் சுவர்கிட்ட கல்லு நடப்போறாங்க, தெரியும்ல? ‘சாந்தா இரியா’ ஆளுங்க பேரெல்லாம் வெட்டி. செஃபெரினோ பேரு கூடாதுன்னு கிரசியெத் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை ஃபாதர் அபிலியோ ஹால்ல கூட்டம் போட்டிருக்கார்.”

கிரசியெத் கேப்டன் பல்தசாரின் மனைவி. மீன் மார்க்கெட்டில் அவள் குரல் மற்றக் குரல்களுக்கு மேலே நிற்கும். அவள் வேண்டாம் என்றால் ஊர் வேண்டாம் என்று அர்த்தம்.

“நான் என்னக்கா பண்ண முடியும்?”

“அவர் விரட்டி விடலைன்னு நீ சொல்லணும். வாங்கன்னுதான் கூப்பிட்டாருன்னு. சொல்லு மாறிப்போச்சு, அவ்வளவுதான்னு. மொதல்ல எனக்குச் சொல்லு. வெயிட்டுக்கும் எக்ஸ்பெக்டுக்கும் என்ன வித்தியாசம்?”

சோள ரொட்டியை எடுத்து மேசையின் மறுகோடிக்குத் தள்ளினேன்.

“இது படகு. நீங்க இந்தப் பக்கம். வெயிட்னு சொல்றீங்க. அந்தச் சொல்லு ரொட்டியை நேரா தொடாது. நடுவுல ஃபார்னு ஒரு குட்டிச் சொல்லு வேணும். வெயிட் ஃபார் போட். படகுக்காக. இந்த மேசை நீளம் இருக்கே, அதுதான் ஃபார்.”

அவள் ரொட்டியையே பார்த்தாள். நான் அதை இழுத்து அவள் கைக்குள் வைத்தேன்.

“எக்ஸ்பெக்டுக்கு நடுவுல ஒண்ணும் கெடையாது. எக்ஸ்பெக்ட் போட். படகை. கை நேரா ரொட்டி மேல. யாரோ அனுப்பியாச்சு, வந்துக்கிட்டு இருக்கு, சந்தேகமே இல்லைங்கற மாதிரி.”

“புள்ளத்தாச்சி மாதிரி.”

“ஆமாக்கா. துர்வால் சொன்னது சரிதான்.”

“வெயிட் பண்றவனுக்கு?”

“வருமா வராதான்னு அந்தச் சொல்லு ஒண்ணும் சொல்லாது. அவன் நிக்கறான், அவ்வளவுதான். எக்ஸ்பெக்ட் மனசுக்குள்ள நடக்கறது. எக்ஸ்பெக்ட் பண்ணிக்கிட்டே சமைக்கலாம், தூங்கலாம். வெயிட் உடம்பால பண்றது. வேற வேலை ஓடாது.”

“ஃபார் போடாம சும்மா வெயிட்னு சொன்னா?”

“அது உத்தரவு. நகராதே, அங்கேயே இருன்னு அர்த்தம்.”

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் சூப்பைக் குடித்தேன். ஏதோ இடறியது.

“கோர்ஸ்ல ரெண்டையும்தானே சொல்லிக் குடுத்திருப்பாங்க? அவருக்கு வெயிட் தெரியாம இருந்திருக்காதே.”

இதலினா எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். கொதி அடங்கியிருந்த சூப்பைக் கிண்டினாள்.

அப்போது இரைச்சல் நின்றது.

பெட்டி அணைந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கம் ஒருவர் மைக்கின் பட்டனை அழுத்தினால் இந்தப் பக்கம் இரைச்சல் அடங்கும். அதற்குப் பிறகு பேச்சு வரவேண்டும். பேச்சு வரவில்லை. ஓர் அறைக்குள் யாரோ நிற்பதுபோன்ற ஒரு வெறுமை மட்டும் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. ஒரு ஆள் மூச்சை இழுத்து, பேச வாயைத் திறந்து, மூடிக்கொள்ளும் நேரம். பிறகு மறுபடியும் மழை.

“யாரோ பட்டன்ல கை வெச்சுட்டாங்க,” என்றேன். “ஸ்பெயின்காரனா இருக்கும். பனில சும்மா சேனலைத் தேடுவான்.”

“பனி விழற நாளெல்லாம் இப்படித்தான்.” அவள் திரும்பவில்லை. “மொதல்ல எல்லாம் அந்தச் சொல்லையே சொல்வார். எக்ஸ்பெக்ட், எக்ஸ்பெக்ட்னு. விசாரணை முடிஞ்சு எல்லாரும் அதைக் கேட்டாங்க பாரு, அன்னிலேர்ந்து சொல்றதில்ல. அமுக்கறார், விட்டுடறார். தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. வேற சொல்லு கைல இல்ல.”

என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அந்தப் பெட்டி முகத்துவாரத்துக்கு வெளியே கொஞ்ச தூரம்தான் எட்டும். அயர்லாந்துக் கடலிலிருந்து அதற்குள் எதுவும் வந்து சேராது. அதைச் சொல்லி அவளைத் தெளிய வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்படியானால் அழுத்துகிறவன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்பது உடனே உறைத்தது. சூப்பை முடித்துவிட்டு எழுந்தேன்.

“பேரு கல்லுல ஏறிட்டா பேசுவார்,” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஹால் நிரம்பிவிட்டது. ஈரக் கோட்டு வாடையும் காப்பி வாடையும். கிரசியெத் முன்வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். மற்றக் குடும்பங்கள் அவளைச் சுற்றி. அமில்கார் சுவரோரம். இதலினா கதவருகே கடைசி நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி.

ஃபாதர் அபிலியோ என்னை எழுந்திருக்கச் சொன்னார். ரொட்டி இல்லாததால் இரண்டு நாற்காலிகளை வைத்துச் சொன்னேன். படகுக்காக, படகை. நடுவில் இருக்கும் இடம். நம்முடைய எஸ்பெரார் அவர்களிடம் போனால் இரண்டாக உடைகிறது, செஃபெரினோ கையில் தவறான பாதி இருந்தது என்றேன்.

“டாக்டரே, நீங்க பரீட்சையை முடிச்சுட்டு வந்து சொல்லுங்க,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்து அடங்கியது.

“சிரிக்காதீங்க,” என்றான் அமில்கார். அவன் அதிகம் பேசாதவன். “சுக்கான் ரூம்லேர்ந்து அவன் வெளிய வந்ததை நான் பாத்தேன். மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம். படகு வருது, வந்ததும் கூப்பிடச் சொல்லிருக்காங்கடான்னான். விரட்டினவன் மூஞ்சி இல்ல அது. கூப்பிட்டவன் மூஞ்சி.”

“அந்த மூஞ்சிய நம்பித்தானே என் புருஷன் தெப்பத்துல ஏறல?” என்றாள் கிரசியெத்.

கிரசியெத் என் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்றது எனக்குப் புரியுது, தம்பி. நான் ஒண்ணும் மண்டு இல்ல. அவன் வாங்கன்னுதான் நெனச்சான். சரி. நெனச்சது யாருக்கு வேணும்? வாய்லேர்ந்து வந்தது என்ன? நாலு சொல்லு ஒழுங்காப் படிக்காதவன் மைக்கை ஏன் புடிச்சான்? எங்க வீட்டு ஆளு ஆறாம் வகுப்பு. தனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சு ஒதுங்கி நின்னார். தெரியும்னு சொன்னவன்தான் கொன்னான்.”

இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினால் போதும், மீதி தானாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஹாலில் எல்லாருக்கும் இப்போது வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அதனால் அவர்கள் கோபமும் தெளிவாகிவிட்டது.

“ஓட்டு எடுத்துடலாம் ஃபாதர்,” என்றார் யாரோ.

இதலினா எழுந்து நின்றாள்.

“அவருக்கு ரெண்டும் தெரியும்.”

ஹால் திரும்பிப் பார்த்தது.

“கோர்ஸ்ல ரெண்டும் சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுல நான் காகிதத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காருவேன், அவர் ஒப்பிப்பார். வெயிட்னு சொல்வார். ஃபார் வரணும்னு காகிதத்துல இருக்கும். அதை மறந்துடுவார். எத்தனை தடவை சொன்னாலும் மறந்துடுவார். எக்ஸ்பெக்டுக்கு ஃபார் கெடையாது. எதிர்பார்ப்புக்கு நாம சொல்ற ‘எஷ்பெத்ததீவா’ மாதிரியே இருக்கு, நாக்குல ஒட்டிக்குது. நான்தான் சொன்னேன், ரெண்டும் எஸ்பெரார்தானே, ரெண்டு எதுக்கு, இதை வெச்சுக்கோ, அதை விட்டுடுன்னு.”

அவள் குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“அப்பவும் வாய் தவறி வெயிட்னு வரும். வந்தா சூப்பு கெடையாதுன்னேன். வெளையாட்டுக்குத்தான். தட்டை எடுத்து ஒளிச்சு வெப்பேன். சிரிப்பார். கொஞ்ச நாள்ல அந்தச் சொல்லு அவர் வாய்லேர்ந்து போயிடுச்சு. பரீட்சைல பாஸ் பண்ணிட்டார். நாந்தான் பாஸ் பண்ண வெச்சேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தேன். கிரசியெத், உன்கிட்டயும் சொன்னேன்.”

“சொன்ன,” என்றாள் கிரசியெத். முகம் வெளுத்திருந்தது. “கேக்கு வாங்கிட்டு வந்து சொன்ன.”

“ஆமா.”

“ரெண்டு வருஷமா வாய மூடிட்டு இருந்தியே, ஏன்டி?”

“ஊரு அவரைத் திட்டிச்சு. என்னைத் திட்டல. அவருதான் இல்லியே, அவருக்கு என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்.”

ஃபாதர் அபிலியோ கையிலிருந்த காப்பிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கிரசியெத் எழுந்து கோட்டுப் பட்டன்களைப் போட்டாள். மேல்பட்டன் துளைக்குள் போகவில்லை. போகும்வரை விடாமல் போட்டாள்.

“அவன் பேரைப் போடுங்க,” என்றாள். “கல்லு தெறக்கற அன்னிக்கு இவ அங்க வரக்கூடாது. நாங்க நிக்கற எடத்துல இவ நிக்கக்கூடாது.”

“சரி,” என்றாள் இதலினா.

அதற்கு மேல் கூட்டத்தில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் கல்லைத் திறந்தார்கள். காலையிலேயே பனி. அலைத்தடுப்பின் முனையில் இருக்கும் சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியவில்லை, பனிக்கு ஊதும் சங்குச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபாதர் அபிலியோ பெயர்களை வாசித்தார். செஃபெரினோ கடைசி. வாசித்தபோது ஒன்றிரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். கடல் இருந்த பக்கத்தைப் பார்த்தார்கள் என்று சொல்லவேண்டும். எல்லாம் முடிந்ததும் கிரசியெத் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கல்லில் படிந்த ஈரத்தைத் துடைத்தாள். ஒவ்வொரு பெயராகத் துடைத்தாள். கடைசிப் பெயர் வந்ததும் நின்றாள். பிறகு துணியைத் திருப்பிப் பிடித்து அதையும் துடைத்தாள்.

நான் நேராக இதலினா வீட்டுக்குப் போனேன். அவள் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். காலில் வெளியே போகும் செருப்பு. தலையில் துணி. மேசையில் இரண்டு தட்டு.

“கூட்டம் கலைஞ்சுதா?”

“கலையுது.”

“எல்லாரும் போனதும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன். பாக்கக்கூடாதுன்னு சொல்லலியே, அவங்க நிக்கறப்போ நிக்கக்கூடாதுன்னுதானே? எழுத்துப் பிழை ஏதும் இல்லியே?”

“இல்ல. நல்லா ஆழமா வெட்டிருக்கான்.”

“எத்தனாவது?”

“கடைசிக்கா.”

“இருக்கட்டும்.”

பெட்டியில் மழை பெய்துகொண்டிருந்தது. சங்கு ஊதியது. அடுத்த சங்குக்கு முன் இரைச்சல் நின்றது.

இந்த முறை அவள் எழுந்து ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் தொங்கிய மைக்கைக் கையில் எடுத்தாள். அது பழைய படகொன்றை உடைத்தபோது செஃபெரினோ கழற்றிக்கொண்டு வந்த செட். மைக்கோடுதான் வந்தது. அவள் அதில் பேசி நான் பார்த்ததில்லை. இரைச்சல் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தாள். வந்ததும் பட்டனை அழுத்தினாள்.

“வெயிட் ஃபார்,” என்றாள். படிக்க வந்த பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி, நிதானமாக. “வி வெயிட் ஃபார் போட். செஃபெரினோ, கேக்குதா? ஃபார் இருக்கணும். நான் சொன்னது தப்பு. அதை விட்டுடு. இதைச் சொல்லு. வெயிட் ஃபார்.”

கையை எடுத்தாள். மழை. மறுபடியும் அழுத்திச் சொன்னாள். மழை. பேரு கல்லுல வந்தாச்சு என்றாள் எங்கள் பாஷையில். நெலியோ பாத்துட்டு வந்தான் என்றாள். நான் எழுந்து போய்விட நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

இரைச்சல் நின்றது. அதே வெறுமை. யாரோ நிற்கும் அறை. ஒரு மூச்சு இழுபட்டது. பிறகு, கரகரத்து, தொண்டையில் உப்பு இறங்கிய ஒரு ஆண் குரல்:

“வெயிட்.”

அவ்வளவுதான். இரைச்சல் திரும்பிவிட்டது.

முகத்துவாரத்துக்கு வெளியே எத்தனையோ கப்பல் நிற்கும். பனியில் உள்ளே வர அனுமதி கேட்டு நிற்கும் இன்னொரு கப்பலுக்கு ஒரு வெளிநாட்டு மாலுமி சொன்னதாக இருக்கலாம். நிறுத்து, பொறு. தினம் நூறு முறை சொல்லப்படும் சொல். அப்படித்தான் இருக்கும் என்று இன்றும் சொல்வேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இதலினா மைக்கை அதன் கொக்கியில் மாட்டினாள். என் பக்கம் திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவள் முகம்.

“ஃபாரை விட்டுட்டார். எப்பவும் போல மறந்துட்டாரா?”

மறந்துட்டார் என்று சொல்லியிருக்கலாம். அது நல்ல பொய். ஆனால் அந்த மேசையில், அந்த ரொட்டியை வைத்து, நான்தான் அவளுக்குப் பாடம் சொல்லியிருந்தேன். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.

“இல்லக்கா,” என்றேன். “அப்படிச் சொன்னா தப்பில்ல.”

“வேற அர்த்தம். உத்தரவு.”

“ஆமா.”

அவள் தலையாட்டினாள். கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். தலைத் துணியை அவிழ்த்து மடித்தாள். செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்க்கும்படி ஓரமாக வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்து சூப்பைச் சுடவைத்தாள். இரண்டாவது தட்டில் முதல்முறையாக ஊற்றினாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீ கிளம்பு தம்பி. உனக்கு வேலைக்கு நேரமாச்சு.”

வேலைக்கு நேரம் ஆகவில்லை. கிளம்பினேன்.

ஜன்னலுக்குக் கீழே பிள்ளைகள் இப்போது கத்துவதில்லை. டின் கம்பெனியில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி உட்காருகிறாள். பேக்கரியிலிருந்து ரொட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த நாள் அது அங்கே இருக்காது. அலைத்தடுப்பு அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கல்லைப் பார்க்க அவள் இன்னும் போகவில்லை.

காலையில் வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் நான் வீட்டுக்குப் போகவேண்டும். அவள் சமையலறையிலிருந்து அந்த மழைச் சத்தம் வந்துகொண்டிருக்கும். பனி நாட்களில் சில சமயம், நான் ஜன்னலைக் கடக்கும்போது அது நிற்கும். அது நிற்கும்போது நான் நிற்பதில்லை.